சதுர அடி நூற்று அறுபத்தைந்து

நான்கு அறைகள் காணாமல் போயிருந்தன.

"ஆடு காணாமப் போயிருக்கு. நகை காணாமப் போயிருக்கு. ஒரு தடவை மாப்பிள்ளையே காணாமப் போனாப்ள. ரூம் காணாமப் போய் நம்மகிட்ட கேஸ் வர்றது இதான் மேடம் மொதத் தடவை" என்றான் இம்மானுவேல்.

ஜோதிலட்சுமி கம்பம் மெயின் ரோட்டில், பாத்திரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்த அந்தக் கட்டடத்தின் கீழ்த்தள ஹாலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். வெறும் தரை. வெறும் தூண்கள். தரையில் வரிசையாகத் திருகாணித் துளைகள்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. பதினெட்டு வருடம் கூடலூர் வணிகவரி செக்போஸ்ட்டில் லாரிகளின் பில்லைப் படித்தவர். ஜி.எஸ்.டி. வந்ததும் செக்போஸ்ட் போனது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தேனியில் ஒரு டயர்க்கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். இம்மானுவேல் அதே செக்போஸ்ட் வழியாக ஏலக்காய் மூட்டை ஏற்றி ஜீப் ஓட்டியவன். 'பன்னெண்டு வருசம் மேடத்துகிட்ட மாட்டாமத் தப்பிச்சேன். கடைசில வேலைக்குச் சேந்து மாட்டிக்கிட்டேன்' என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லுவான். கேட்காதவர்களிடமும் சொல்லுவான்.

"போன சனிக்கிழமை வரைக்கும் இருந்துச்சு மேடம்" என்றாள் முனீஸ்வரி. ஜெயமங்கலத்துப் பெண். நர்சிங் படித்தவள். இந்த வழக்கைக் கொண்டுவந்தவள். "இங்கன ரிசப்ஷன். அங்கன மேனேஜர் ரூம். கண்ணாடிக் கதவு, ஏசி, மணி பிளான்ட் எல்லாம் வச்சிருந்தாக. இவ்வளவு பெரிய ஆபீஸை எப்படி நம்பாம இருக்கறது?"

"மணி பிளான்ட் வேற வச்சிருந்தானா? அப்போ நான்கூட நம்பியிருப்பேன்" என்றான் இம்மானுவேல்.

கம்பெனியின் பெயர் கிரீன்பெல் ஓவர்சீஸ். வளைகுடா ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, வந்தவர்களிடம் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் கம்பெனியும் இல்லை, கம்பெனி இருந்த அறைகளும் இல்லை. அன்று மதியமே எல்லோருடைய போனுக்கும் ஒரு செய்தி வந்தது. போலீசுக்குப் போனால் ஒரிஜினல் அடுப்புக்குப் போகும். வேண்டுமென்றால் நாங்கள் சொல்லும்போது, சொல்லும் தொகையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

யாரும் போலீசுக்குப் போகவில்லை.

"கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கெடைச்சிருக்கு மேடம். வர்ற திங்கக்கெழமை சேரணும். ஒரிஜினல் இல்லாம உள்ளயே விட மாட்டாக. வெளிநாட்டுக்கு ஆசைப்பட்டு, இருக்கறதும் போயிருமோன்னு..." முனீஸ்வரி துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

இன்று புதன்கிழமை.

கட்டடத்தின் உரிமையாளர் சுரேஷ்கண்ணன் மூன்று டம்ளர் டீயோடு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், முகம் முழுக்கத் துக்கம்.

"என்னையும் ஏமாத்திட்டாகம்மா. மூணு மாச வாடகை அப்படியே நிக்கிது. ஞாயித்துக்கெழம நான் ஊர்ல இல்ல. வந்து பாத்தா சுவரையே கழட்டிக் கொண்டு போயிருக்காக. ஜிப்சம் சுவராம். சுவர்னு நெனச்சேன், இப்படி அட்டைப்பெட்டி கணக்கா மடிச்சுட்டுப் போவாகன்னு யாருக்குத் தெரியும்?"

"மாடியில யார் இருக்கா?" என்று கேட்டார் ஜோதிலட்சுமி.

"ஏலக்காய் குடோன். கூடலூர் யாவாரி ஒருத்தரு வச்சிருக்காரு. சாவிகூட அவருகிட்டதான்."

ஜோதிலட்சுமி தலையசைத்துவிட்டு மூன்றாவது தூணின் அருகே போய் நின்றார். மறைந்துபோன சுவர் அந்தத் தூணை ஒட்டித்தான் நின்றிருக்க வேண்டும். மார்பளவு உயரத்தில், தச்சுப் பென்சிலால் தடிமனாக ஒரு கணக்கு எழுதப்பட்டிருந்தது. 640, பெருக்கல் குறி, 165. கீழே கோடு. அதற்குக் கீழே 1,05,600.

ஆறு என்ற எண்ணின் வால் மட்டும் கொக்கி மாதிரி மேலே வளைந்திருந்தது.

"நல்லவேளை, இன்னைக்கே வந்தீக. நாளைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வருது" என்றார் சுரேஷ்கண்ணன்.

ஜோதிலட்சுமி தூணைப் போனில் படம் எடுத்தார். ஜன்னலுக்கு அடியில் கிடந்த, உள்ளங்கை அளவு உடைந்த பலகைத் துண்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

டீ நன்றாகவே இருந்தது.

* * *

அன்னத்தாய் இரண்டு தெரு தள்ளி ஹார்டுவேர் கடை வைத்திருந்தாள். கம்பத்தில் ஜிப்சம் போர்டு விற்கும் கடை அது ஒன்றுதான். போனில் இருந்த படத்தை ஒரு நொடிதான் பார்த்தாள்.

"இந்த ஆறு விஜயபாண்டி போடுற ஆறு. கூடலூர் மேஸ்திரி. எங்கிட்ட எழுதிக் குடுத்த சீட்டு நூறு கெடக்கு, வேணும்னா ஒத்துப் பாத்துக்கங்க."

இம்மானுவேல் ஏமாற்றத்தோடு பார்த்தான். "இவ்வளவு சீக்கிரம் சொன்னா எப்படிக்கா? நாங்க ரெண்டு நாள் சுத்தலாம்னு இருந்தோம்."

"சுத்துங்க. யாரு வேணாம்னா?"

ஜோதிலட்சுமி எண்ணைச் சுட்டிக் காட்டினார். "நூத்தி அறுபத்தஞ்சு. இது சதுர அடி ரேட்தானே?"

அன்னத்தாய் இப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தாள். புருவம் ஏறியது.

"ரேட்தான். ஆனா கம்பத்து ரேட் இல்லையே. போர்டு மதுரையிலருந்து வருது. தேனியில எறங்குனா, ரெண்டு பக்கமும் போர்டு அடிச்சு, கூலியோட நூத்திப் பத்து. கம்பத்துக்கு வந்தா நூத்திப் பதினஞ்சு. கூடலூர்ல நூத்தி இருவது. அதுக்கு மேல மலை. குமுளி ஏறுனா நூத்தி நாப்பத்தஞ்சு. வண்டிப்பெரியாறு பக்கம் போனாத்தான் நூத்தி அறுபத்தஞ்சு."

"ஒரே போர்டு. முப்பது நாப்பது கிலோமீட்டர்ல அம்பது ரூவா ஏறுதா?"

"கொண்டை ஊசி வளைவுல லோடுக்கு நாலு போர்டு மூலை ஒடையும். ஏத்துக்கூலி, எறக்குக்கூலி தனி. மேல ஆள் கூலி டபுள். அப்புறம் பனி. சாதா போர்டு மலையில ஒரு மழைக்குத் தாங்காது, ஊறிப்போயிரும். அங்கன பச்சை போர்டுதான் போடணும். ஈரம் இழுக்காது, வெல கூட." கல்லாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த இரண்டு பலகைகளைக் காட்டினாள். ஒன்று சாம்பல் நிறம். இன்னொன்றின் மேல்தாள் இளம்பச்சை. "விஜயபாண்டி வாரத்துல மூணு நாள் மலையிலதான் வேலை பாக்குறாரு. அங்கனத்த ரேட்ட கை மறந்து இங்கன எழுதிட்டாரோ என்னமோ."

"எழுதினது கை மறந்து இருக்கலாம். பெருக்கிப் பாத்து, மொத்தத் தொகை போட்டு, கோடு இழுத்திருக்காரே" என்றார் ஜோதிலட்சுமி.

* * *

கார் கம்பத்தைத் தாண்டியது. இருபுறமும் திராட்சைப் பந்தல்கள். இம்மானுவேல் ஓட்ட, முனீஸ்வரி பின் இருக்கையில் இருந்தாள்.

"எனக்குத் தெளிவா இருக்கு மேடம்" என்றான் இம்மானுவேல். "மலையாளத்து குரூப். மேலருந்து போர்டைக் கொண்டாந்தான், மேலத்த ரேட்டைக் குடுத்தான், ஆபீஸைப் போட்டான், சுருட்டிக்கிட்டு மேலயே போயிட்டான். குமுளியில போய் நின்னா ஒரு மணி நேரத்துல புடிச்சிரலாம். சாப்பாடும் நல்லாருக்கும்."

ஜோதிலட்சுமி கைப்பையிலிருந்து பலகைத் துண்டை எடுத்து அவன் கண் முன்னால் நீட்டினார்.

"என்ன நிறம்?"

"சாம்பல்."

"மலைச் சரக்குன்னா?"

இம்மானுவேல் கியரை மாற்றினான். "பச்சை."

"செக்போஸ்ட்ல தினமும் பாத்ததுதான். பில்லுல வண்டிப்பெரியாறுன்னு இருக்கும், மூட்டையப் பிரிச்சா கம்பம் சரக்கா இருக்கும். நான் மூட்டையத்தான் நம்புவேன். சுவர் நின்னது கம்பத்துல. போர்டு கம்பத்து போர்டு. ரேட் மட்டும் மலை ரேட். அடிக்கு அம்பது ரூவா கூடக் குடுத்திருக்கான். எதுக்கு?"

"மேஸ்திரி ஏமாத்திருப்பாரு. ஏமாத்துறவனையே ஏமாத்துன மனுசன்னா, பாத்ததும் கை குடுக்கணும்."

"ஊர்ல இருக்கிற அத்தனை பேர்கிட்டயும் சான்றிதழைப் புடுங்கினவன், அம்பது ரூவாயைச் சும்மா விடுவானா?"

பின் இருக்கையிலிருந்து முனீஸ்வரி தயங்கிக் கேட்டாள். "அப்போ நாம ஏன் மேடம் கூடலூர் போறோம்?"

"ரேட்டு எதைச் சொல்லுதுன்னு எழுதினவரைத்தான் கேக்கணும்மா."

* * *

கூடலூரில், ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாகத் திறக்கப்போகும் செல்போன் கடையில், விஜயபாண்டி ஏணி மேல் நின்று கூரைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, முகத்தில் துணி, உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். கண்கள் மட்டும்தான் மனித நிறத்தில் இருந்தன.

இம்மானுவேல் கீழிருந்து குரல் கொடுத்தான். "அண்ணே! கம்பத்துல ஒரு ஆபீஸ். அறுநூத்தி நாப்பது அடி பார்டிஷன். என்ன ரேட் போடுவீக?"

"நூத்திப் பதினஞ்சு" என்றார் விஜயபாண்டி, திரும்பாமலே.

"போன தடவை நூத்தி அறுபத்தஞ்சு வாங்குனீகளே" என்றார் ஜோதிலட்சுமி.

ட்ரில்லிங் மெஷின் நின்றது.

விஜயபாண்டி மெதுவாகத் தலையைத் திருப்பினார். "யாரு நீங்க?"

ஜோதிலட்சுமி முனீஸ்வரியைப் பார்த்தார். முனீஸ்வரி ஏணியின் அடியில் வந்து நின்று, அண்ணாந்து, நடந்ததைச் சொன்னாள். நாலு வரிதான். கடைசி வரி திங்கட்கிழமையைப் பற்றியது. விஜயபாண்டி முழுவதையும் கேட்டார். பிறகு ஏணியிலிருந்து இறங்கி, முகத்துத் துணியை அவிழ்த்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது தாயி. ஆபீஸ்னாக, போட்டுக் குடுத்தேன். எனக்கும் மக இருக்கு. அதுவும் நர்சிங்தான் படிக்குது, ரெண்டாம் வருசம்."

"சரி. நூத்தி அறுபத்தஞ்சு எப்படி வந்துச்சு?" என்றார் ஜோதிலட்சுமி.

"போடுறதுக்கு நூத்திப் பதினஞ்சு. ஒடையாமக் கழட்டுறதுக்குப் பதினஞ்சு. திரும்ப மாட்டுறதுக்கு முப்பத்தஞ்சு."

எதிரே குமுளி ஜீப்புக்கு ஆள் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"போடும்போதே கழட்டுறதுக்கும் பேசிட்டாகளா?"

"ஆமா. மேனேஜர் விஜய்ராஜ்னு ஒருத்தரு. டை கட்டியிருப்பாரு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் மாறும், சுவர் கூடவே வரணும்னாரு. அதனால பட்டி பாக்கல, டேப் ஒட்டல. இணைப்புல எல்லாம் அலுமினியப் பட்டை வச்சு முடிச்சேன். பட்டையை உருவினா போர்டு முழுசாக் கையோட வந்துரும். ஞாயித்துக்கெழம நான்தான் கழட்டி, பின்பக்கம் மாடிப்படி ஓரமா அடுக்கி வச்சேன். நாளைக்கு வந்து திரும்ப மாட்டணும்."

"எங்கன?" இம்மானுவேலும் முனீஸ்வரியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"அதைச் சொல்லலையே. நாளைக்குக் காலையில போன்ல சொல்றேன்னாக."

முனீஸ்வரி கண்ணை மூடித் திறந்தாள். இம்மானுவேல் ஜீப் ஸ்டாண்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். தேனி, பெரியகுளம், போடி, மலைக்கு மேல் ஒரு மாநிலம். எங்கே என்று தேடுவது?

ஜோதிலட்சுமி மட்டும் ரேட்டை விடவில்லை.

"வண்டி வாடகை எவ்வளவு போட்டீக?"

"போடல."

"ஏன்? பலகை நடந்தா போகும்?"

"நானும் கேட்டேன். இங்கனருந்து தேனின்னா ஒரு கணக்கு, மலைக்குன்னா ஒரு கணக்கு, எந்த ஊருன்னு சொல்லுங்க, சேத்துப் போடுறேன்னேன். வண்டியே தேவப்படாதுன்னாக. சொந்த வண்டி இருக்கும்போலன்னு விட்டுட்டேன்."

"புது இடத்துக்கு அளவு குடுத்தாகளா?"

"குடுத்தாக. உயரத்துல மட்டும் ஆறு இஞ்சு வெட்டணும். அகலத்துல கை வைக்க வேண்டாம்னாக. தூணுக்குத் தூணு அதே பதினோரு அடி நாலு இஞ்சு."

"விஜயபாண்டி, எத்தனை வருசமா இந்த வேலை பாக்குறீக?"

"தச்சு வேலையும் சேத்து இருவத்தாறு வருசம்."

"இருவத்தாறு வருசத்துல ரெண்டு கட்டடத்துல தூணளவு இஞ்சு மாறாம இருந்து பாத்திருக்கீகளா?"

விஜயபாண்டி சிரித்தார். "ஒரே தெருவுல ஒரே கொத்தனார் கட்டுன வீட்டுலயே மாறும். அப்படி இஞ்சு மாறாம வரணும்னா, கீழ இருக்கிற அதே தூணு மாடிக்கு ஏறுனாத்தான்..."

சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"எடம் மாற மாற ரேட் மாறும். அன்னத்தாய் காலையில சொன்னதுதான்" என்றார் ஜோதிலட்சுமி, வானிலை சொல்லும் குரலில். "இந்த ரேட்டுல வண்டி வாடகை சைபர். அப்போ தூரமும் சைபர்."

"மேடம்" என்றான் இம்மானுவேல். அவன் குரலில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை. "மாடியில ஏலக்காய் குடோன்னு சொன்னாருல்ல? நான் ஏலக்காய் ஏத்தின ஜீப்பை வித்து ஏழு வருசம் ஆச்சு. வாங்கினவன் இன்னும் வாசம் போகலன்னு திட்டுறான். அந்தக் கட்டடத்துல அரை மணி நேரம் நின்னோம். பினாயில் வாசம்தான் வந்துச்சு."

"அதை அங்கனயே சொல்றதுக்கென்ன?"

"டீ நல்லாருந்துச்சு மேடம். அதுல கவனம் போயிருச்சு."

ஜோதிலட்சுமி விஜயபாண்டியின் போனைக் காட்டினார். "மேனேஜரைக் கூப்புடுங்க. நாளைக்கு மலையில வேலை வந்துருச்சு, இன்னைக்கே மாட்டித் தர்றேன்னு சொல்லுங்க."

விஜயபாண்டி ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் ஒரு நிமிடம் முணுமுணுப்பு. யாரிடமோ அனுமதி கேட்கும் சத்தம். பிறகு மேனேஜரின் குரல் வந்தது.

"சரி, மூணு மணிக்கு வாங்க மேஸ்திரி. அதே பில்டிங்தான். மெயின் ரோட்டுப் பக்கம் வராதீங்க. பின்தெரு வழியா மாடிக்கு வாங்க."

* * *

மூன்று மணிக்குப் பின்தெருக் கதவை விஜயபாண்டி தட்டினார். பின்னால் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு உதவியாள். தலையில் துண்டு, முகத்தில் துணி, உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். ஜிப்சம் தூளைப் பூசிக்கொள்ள இம்மானுவேல் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டான். "கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பவுடர் போடல" என்றான்.

ஜோதிலட்சுமியும் முனீஸ்வரியும் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் நின்று பார்த்தார்கள்.

கதவு திறந்தது. திறந்தவர் டை கட்டிய மேனேஜர் இல்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். மாடிச் சாவி தன்னிடம் இல்லை என்று காலையில் சொன்ன சுரேஷ்கண்ணன், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே மேஸ்திரியை உள்ளே வரச் சொன்னார்.

முனீஸ்வரி மூச்சை இழுத்தாள். "நமக்கு டீ குடுத்தவரு மேடம்!"

"ஆமா."

மாடியில் நான்கு அறைகளும் சுவரோரம் படுக்கை விரிப்பு மாதிரி அடுக்கிக் கிடந்தன. மூலையில் காகிதம் சுற்றிய புதுப் பெயர்ப்பலகை. அதன் கிழிசலில் 'சில்வர்லீஃப் ஓவர்சீஸ்' என்று தெரிந்தது. விஜய்ராஜ் டை இல்லாமல், கைலியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மணி பிளான்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஜன்னலை ஒட்டி ஒரு இரும்பு பீரோ.

விஜயபாண்டி டேப்பை நீட்டி அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சுவரைப் புடிக்கிற இரும்புச் சேனல் இந்தப் பீரோ நிக்கிற எடத்துலதான் வருது. நகத்தணும்."

"நகத்துங்க" என்றார் சுரேஷ்கண்ணன்.

விஜயபாண்டியும் உதவியாளும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். தள்ளுவது போல முக்கினார்கள். பீரோ அசையவில்லை.

"கனம் தாங்கலங்க. உள்ள இருக்கறத எடுத்து வெளிய வச்சா சுலுவா நகந்துரும்."

சுரேஷ்கண்ணன் முனகிக்கொண்டே சாவியை எடுத்தார். பீரோவைத் திறந்தார். உள்ளேயிருந்த பிளாஸ்டிக் ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் கை நீட்டிக்கொண்டு நின்ற உதவியாளிடம் கொடுத்தார்.

"பாத்துப்பா. எல்லாம் முக்கியமான பேப்பர். தூள் படாம வையி."

"சரிங்க" என்றான் உதவியாள். ஒவ்வொன்றையும் வாங்கும்போது வாய்க்குள் எண்ணினான். பீரோ காலியானதும், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கத்தினான். "மேடம்! முப்பத்தொண்ணு!"

சுரேஷ்கண்ணன் உறைந்து நின்றார். உதவியாள் துண்டையும் துணியையும் அவிழ்த்தான்.

"காலையில டீக்குத் தேங்க்ஸ் சொல்லாமப் போயிட்டேன் சார்" என்றான் இம்மானுவேல்.

விஜய்ராஜ் எழுந்து படியை நோக்கி ஓடினான். விஜயபாண்டி படி வாசலுக்குக் குறுக்கே ஏணியைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். விஜய்ராஜ் அவரைப் பார்த்தான். இருபத்தாறு வருடம் பலகை தூக்கிய கைகளைப் பார்த்தான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஏணியைத் தாண்டிக்கொண்டு ஜோதிலட்சுமி உள்ளே வந்தார். பின்னாலேயே முனீஸ்வரி.

"இது என் கட்டடம்!" சுரேஷ்கண்ணனின் குரல் உயர்ந்தது. "இந்தப் பீரோ என்னுது, சாவி என்னுது! யாரைக் கேட்டு உள்ள வந்தீக?"

"சத்தமாவே சொல்லுங்க. விஜயபாண்டியும் கேக்கட்டும், சாட்சிக்கு ஆகும்" என்றார் ஜோதிலட்சுமி. "வாடகைக்கு இருந்தவன் ஏமாத்திட்டான்னு காலையில சொன்னீக. இப்போ பீரோவும் உங்களுது, சாவியும் உங்களுது, உள்ள இருந்ததும் உங்க கையாலயே எடுத்துக் குடுத்தீக. நான் கண்டுபுடிக்க ஒண்ணும் பாக்கி வைக்கலையே."

சுரேஷ்கண்ணன் தரையில், அடுக்கி வைத்த தன் சுவர்களின் மேல் உட்கார்ந்தார்.

முனீஸ்வரி ஃபைல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பதினேழாவது அவளுடையது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி, நர்சிங் கவுன்சில் பதிவு. நான்கையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

இம்மானுவேல் போனை எடுத்தான். "ஸ்டேஷனுக்குப் போடவா மேடம்?"

"கொஞ்சம் பொறு."

"எதுக்கு? ஆள் இருக்கு, பொருள் இருக்கு, சாட்சி ஏணி மேல உக்காந்திருக்கு."

"போலீஸ் வந்தா இந்த முப்பத்தொண்ணும் கேஸ் சொத்து. லிஸ்ட் போட்டு, சீல் வச்சு, கோர்ட்டுக்குப் போயிரும். திரும்ப வாங்க மனுப் போடணும். திங்கக்கெழமைக்குள்ள நடக்குமா?"

முனீஸ்வரி நிமிர்ந்தாள். அவள் முகத்திலிருந்த நிம்மதி, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அதிகாரிகளுக்கு வேண்டியது அத்தாட்சி. அதுக்கு ஜெராக்ஸ் போதும்" என்றார் ஜோதிலட்சுமி. "ஒரிஜினல் வேலைக்குப் போறவுகளுக்குத்தான் வேணும். எதிர்த்தாப்புலயே கடை இருக்கு. ஒவ்வொரு ஃபைல்லயும் போன் நம்பர் இருக்கும்மா. கூப்புடு."

முனீஸ்வரி தன் ஃபைலை எடுத்துக்கொண்டு ஜெயமங்கலத்துக்குப் பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. படியில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக அழைத்தாள். மறுமுனையில் சிலர் நம்பவில்லை. ஒருத்தி, இதுவும் மிரட்டல் என்று நினைத்துத் திட்டினாள். முனீஸ்வரி திட்டையெல்லாம் கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நாலு மணியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உத்தமபாளையம், சின்னமனூர், போடி. ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு தடவை டோனர் மாற்றினார். ஒவ்வொருவரும் நகலில் கையெழுத்துப் போட்டு, தன் கைப்பட நாலு வரி புகாரும் எழுதிக் கொடுத்து, ஒரிஜினலை வாங்கிக்கொண்டு போனார். மூலையில் சுரேஷ்கண்ணன் தலையைக் குனிந்தபடி இருந்தார். போகிறவர்கள் அவரைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

ஐந்தே முக்காலுக்கு ஜோதிலட்சுமி ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். வந்த இன்ஸ்பெக்டர் கத்தையாக இருந்த புகார்களைப் படித்தார். பீரோவைப் பார்த்தார்.

"ஒரிஜினல் எல்லாம் எங்கம்மா?"

"அதது வீட்டுக்குப் போயிருச்சு சார்."

இன்ஸ்பெக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதுவும் எழுதாமல் பக்கத்தைத் திருப்பினார்.

ஒரே ஒரு ஃபைல் முனீஸ்வரியின் மடியில் மிஞ்சியிருந்தது. அக்கம்மாள், பொட்டிப்புரம். எத்தனை தடவை கூப்பிட்டும் போன் அணைத்தே இருந்தது.

"சான்றிதழ் குடுத்த அன்னைக்கு எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தாக மேடம்" என்றாள் முனீஸ்வரி. "கல்யாணமாகி, ரெண்டு புள்ள பெத்ததுக்கு அப்புறம் படிச்சு முடிச்சவுக. கடைசி பஸ் போனாலும் பரவாயில்ல, நான் கொண்டு போய்க் குடுத்துட்டு வர்றேன்."

இம்மானுவேல் கார்ச் சாவியை எடுத்தான். உடம்பெல்லாம் இன்னும் வெள்ளையாகவே இருந்தான். "வா, போவோம். வழியில யாராச்சும் பயந்தா நான் பொறுப்பில்ல."

பொட்டிப்புரத்தில் அவர்கள் போய் இறங்கியபோது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கம்மாள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். முனீஸ்வரியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்து, அவசரமாக வந்தாள்.

"மெசேஜுக்குப் பயந்து சிம்மைக் கழட்டிப் போட்டுட்டேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "வீட்டுல இன்னும் சொல்லல. நாலு வருசம் கஷ்டப்பட்டுப் படிக்க வச்சாக. எப்படிச் சொல்றதுன்னு..."

முனீஸ்வரி ஃபைலை நீட்டினாள்.

அக்கம்மாள் வாங்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். திருப்பியும் துடைத்தாள். அப்புறம் ஃபைலை வாங்கித் திறந்து, மேலே இருந்த தாளைச் சாய்த்து, மிச்சமிருந்த வெளிச்சத்தில் முத்திரையை விரலால் தடவினாள்.

"ஜெராக்ஸ் இல்லையே?"

"இல்லக்கா. ஒரிஜினல்தான்."

அக்கம்மாள் வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். இவ்வளவு நேரம் தாழ்ந்திருந்த குரல், தெருவுக்கே கேட்கும்படி உயர்ந்தது.

"ஏங்க! கொஞ்சம் வெளிய வாங்களேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்!"